சொல்லாமையின் பொருள்

ஒருவர் ஒன்றைக் கூறாது விட்டவிடத்து, அதனை அவர் கூறினார் என்றே கொண்டு மேற்செல்லலாமா என்பது அறவியலாரும் சட்டவியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ள ஒரு வினாவாகும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் வழக்குத் தமிழிலும் உண்டு. எனினும், பேசாதிருந்தவரெல்லாம் உடன்பட்டவர் அல்லர் என்பதை அறியாதார் இலர். இவ்வினா இப்பொழுது புதியதோர் இடத்தில், கணினிகள் தம்முள் பரிமாறும் ஆவணங்களின் அமைப்பை வகுப்போரிடையே, மீண்டும் எழுந்துள்ளது. ஸ்கீமாவில் இயல்புப் பெறுமானங்களை வெளிப்படையாகக் கூறவேண்டுமா, கூறாது விடலாமா என்பதே அது அங்குக் கொண்டுள்ள வடிவம். தொழினுட்பவியலாரின் சிறு பிணக்காகவே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், நோயாளரின் மருத்துவக் குறிப்பும் வணிகரின் விலைப்பட்டியலும் இவ்வடிவிலேயே இன்று இடம்விட்டு இடம் செல்கின்றன; ஆதலின், அவ்வாவணங்களில் எவர் எதனைக் கூறினார் என்பது தொழினுட்பம் பயிலாதோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றாகும்.

பொருள் விளங்குதற்பொருட்டுச் சில அடிப்படைகளைக் கூறுதல் வேண்டும். எக்ஸ்.எம்.எல். என்பது 1986ஆம் ஆண்டில் சர்வதேச நியமமாகிய எஸ்.ஜி.எம்.எல். என்னும் குறிமொழியிலிருந்து சுருக்கியெடுக்கப்பட்டு, 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் வெளியிடப்பட்டது. இதில் எழுதப்படும் ஆவணம், பெயரிடப்பட்ட மூலகங்களாலும் அவற்றிற்குரிய பண்புகளாலும் ஆனது. எம்மூலகங்கள் வரலாம், எவ்வொழுங்கில் வரலாம், எப்பண்பு எவ்வகைப் பெறுமானத்தைக் கொள்ளலாம் என்பனவற்றை வரையறுப்பது ஸ்கீமா. ஒரு பண்பு எழுதப்படாது விடப்படின் இன்ன பெறுமானம் உள்ளதாகக் கொள்க என ஸ்கீமாவை ஆக்குவோன் விதிக்கலாம். அவ்வாறு விதிக்கப்படுவதே இயல்புப் பெறுமானம். விலை என்னும் மூலகத்திற்கு நாணயம் என்னும் பண்பை வகுத்து, அதன் இயல்புப் பெறுமானம் ரூபா என எழுதிவிட்டால், விலைப்பட்டியல் எழுதுவோர் நாணயத்தைப் பற்றி ஒன்றும் கூறாவிடினும், பட்டியலை வாசிக்கும் செய்நிரல் ரூபா என்னும் சொல்லைக் கண்டதாகவே நடந்துகொள்ளும்.

பிணக்கு இரு தளங்களில் நிகழ்கின்றது. ஸ்கீமா எழுதும் மொழியே சில இயல்புப் பெறுமானங்களை உடையது. அவற்றை ஸ்கீமாவில் எடுத்தெழுத வேண்டுமா என்பது ஒன்று. ஸ்கீமாவினால் ஆளப்படும் ஆவணங்களுக்கு இயல்புப் பெறுமானம் வகுக்கலாமா, அன்றி ஒவ்வோர் ஆவணமும் தன் பெறுமானத்தைத் தானே கூறவேண்டும் என விதிக்கலாமா என்பது மற்றொன்று. முன்னையது அத்துணைப் பெரிதன்று. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா மொழியில், ஒரு மூலகம் எத்தனை முறை வரலாம் என்பது கூறப்படாவிடின், குறைந்ததும் ஒருமுறை, கூடியதும் ஒருமுறை என்று கொள்ளப்படும். எனவே கூறாமை அங்குக் கட்டாயம் எனப் பொருள்படும். பண்பொன்றினைப் பற்றி அவ்வாறே கூறாதுவிடின் அது விருப்பத்திற்குரியது எனப் பொருள்படும். ஒரே மொழியில், ஒரே பக்கத்தில், மௌனம் இங்கு ‘வேண்டும்’ எனவும் அங்கு ‘வரலாம்’ எனவும் நிற்பது புதிதாகப் பயில்வோரை மயங்கச் செய்வது உண்மையே. ஆயினும் எழுதுவோரும் வாசிப்போரும் அதே நியமத்தையே கற்றவர். நியமமும் அச்சில் உள்ளது. மேலும், வேண்டாதவிடத்து ஒன்றை எடுத்துக் கூறின், கேட்போர் அதற்கு ஏதோ காரணம் உண்டென எண்ணத் தொடங்குவர் என்பதை மெய்யியலாளர் போல் கிறைஸ், 1975ஆம் ஆண்டில் அச்சான உரையாடலின் தருக்கம் பற்றிய கட்டுரையில் தெளிவுறக் காட்டியுள்ளார். ஒவ்வொரு வரியிலும் ‘ஒருமுறை, ஒருமுறை’ என எழுதப்பட்ட ஸ்கீமாவில், உண்மையிலேயே கருதத்தக்க ‘பலமுறை’ என்பது கண்ணிற் படாது போகவுங்கூடும். இத்தளத்தில் எழுதுவோர் தத்தம் சுவைக்கேற்ப எழுதுக என விட்டுவிடலாம்.

இரண்டாம் தளம் அத்தகையதன்று. அங்கு ஸ்கீமாவை ஆக்குவோன் ஒருவன். ஆவணத்தை எழுதுவோர் வேறு பலர். வாசிப்போர் இன்னும் வேறு. இயல்புப் பெறுமானம் ஆக்கியோனின் சொல். ஆனால் அது எழுதியவரின் சொல்லாகவே வாசிப்பவரிடம் சென்று சேர்கின்றது.

தமிழிலக்கணம் பயின்றோர் இதனை வேறொரு கண்கொண்டு நோக்குதல் கூடும். கூறப்படாதது பொருள் தருதல் தமிழுக்குப் புதிதன்று. வேற்றுமையுருபு தொக்கு நிற்பதும், உவமவுருபு தொக்கு நிற்பதும், எழுவாய் தோன்றாது நிற்பதும் அன்றாட வழக்கு. உரையாசிரியர்கள் தொக்கதனை விரித்துப் பொருள் கூறியே செய்யுள்களை விளக்கினர். ஆதலின், தமிழனுக்கு இயல்பான சுருக்கத்தைக் கணினிக்கு மட்டும் ஏன் மறுக்கவேண்டும் எனக் கேட்கலாம். ஆனால் நன்னூலார் தொகைகளைப் பற்றிக் கூறுவனவற்றைக் கூர்ந்து நோக்கின் வேறுபாடு புலனாகும். தொகையொன்று இரண்டு முதல் ஏழு வரையான பொருளில் மயங்கி நிற்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்கின்றார். தெய்வ வணக்கம் என்பது தெய்வத்தை வணங்கும் வணக்கமாகலாம்; தெய்வத்திற்குச் செய்யும் வணக்கமும் ஆகலாம். எதுவெனத் துணிவதற்கு இடமும் சூழலும் பார்க்கவேண்டும். அதாவது, தொகையை விரிப்போன் தேடுவது கூறியவன் எதனைக் கருதினான் என்பதையே. தவறாக விரித்தால் கூறியவன் மறுக்கலாம். உருபு தொகுவதற்குமுன் அது அவன் கருத்தில் இருந்தது. இயல்புப் பெறுமானமோ கருத்தில் இருந்து தொக்கதன்று. நாணயத்தை எழுதாத வணிகர் ரூபாவைக் கருதியிருக்கலாம். டொலரைக் கருதி மறந்திருக்கலாம். அப்படியொரு பண்பு உண்டென்பதையே அறியாதிருக்கலாம். இம்மூன்று நிலைகளிலும் ஸ்கீமா ரூபா என்றே எழுதும். முன்னது தொக்கதை மீட்டல். பின்னது இல்லாததை இடுதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே இப்பொருள் பற்றிய குழப்பங்களிற் பல தோன்றுகின்றன எனலாம்.

இல்லாததை இடுவதில் சட்டம் எவ்வளவு தயங்கியது என்பதற்கு 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பெல்ற்ஹவுஸ் எதிர் பின்ட்லி என்னும் வழக்குச் சான்றாகும். ஒருவர் தம் உறவினன் ஒருவனின் குதிரையை வாங்க விரும்பி, விலை 30 பவுண் 15 சிலிங் எனவும், மறுமொழி எதுவும் வராவிடின் குதிரை தம்முடையதாயிற்று எனக் கொள்வதாகவும் எழுதினார். உறவினன் மறுமொழி எழுதவில்லை. ஆனால் கடிதம் எழுதியவருக்கே குதிரையைக் கொடுக்க அவன் உள்ளத்தில் எண்ணியிருந்தான். தன் பொருள்களை ஏலத்தில் விற்கவிருந்த பின்ட்லியிடம் அக்குதிரையை ஒதுக்கிவைக்குமாறும் கூறியிருந்தான். ஏலகாரர் மறந்து அதனையும் விற்றுவிட்டார். கடிதம் எழுதியவர் வழக்குத் தொடுத்தபோது, குதிரை அவருடையதாகவில்லை என்றே நீதிமன்றம் தீர்த்தது. தம் மௌன விதியை மற்றவர்மீது சுமத்த எவருக்கும் உரிமையில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். இங்கு உறவினனின் எண்ணமும் கடிதம் எழுதியவரின் எண்ணமும் ஒன்றாகவே இருந்தன. அவ்வாறிருந்தும், எண்ணம் வெளிப்படுத்தப்படாமையால் மௌனத்தை ஏற்பாகக் கொள்ள நீதிமன்றம் இசையவில்லை. அந்தக் கடிதத்தை இயல்புப் பெறுமானம் வகுக்கப்பட்ட ஸ்கீமா என்றே கூறிவிடலாம் போலும்.

ஸ்கீமாவின் நிலை ஒருவகையில் அக்கடிதத்திலும் மோசமானது. கடிதத்தை உறவினன் வாசித்தேனும் இருந்தான். ஆவணம் எழுதும் எழுதுவினைஞர் ஸ்கீமாவைக் காண்பதே அரிது. அதுமட்டுமன்று, வாசிப்போர் அனைவரும் அதனைக் காண்பர் என்பதும் உறுதியன்று. எக்ஸ்.எம்.எல். நியமத்தின்படி, செல்லுபடியைச் சரிபாராத செய்நிரல்கள் ஆவணத்திற்கு வெளியேயுள்ள பிரகடனங்களை வாசிக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆகவே ஒரே ஆவணம் ஒரு செய்நிரலுக்கு ரூபா என்னும் சொல்லுடனும், மற்றொரு செய்நிரலுக்கு அச்சொல் இன்றியும் தோன்றும். நியமத்தை ஆக்கியோர் இதனை அறிந்தே இருந்தனர். வெளியே வகுக்கப்பட்ட இயல்புப் பெறுமானத்தை நம்பியிருக்கும் ஆவணம், தான் தனித்து நிற்கவல்லது எனத் தன் தலைப்பில் கூறிக்கொள்ளக் கூடாதென அவர்கள் விதித்தனர். நேர்மையான விதி, ஆயினும் அதனை நினைவிற்கொண்டு எழுதுவோர் அதிகமில்லை. பிறிதொரு விநோதமும் உண்டு. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில், பண்பு இல்லாதவிடத்து இயல்புப் பெறுமானம் இடப்படும்; மூலகமோ முற்றாக இல்லாதவிடத்து ஒன்றும் இடப்படாது, வெறுமையாக இருந்தால் மட்டுமே இடப்படும். ஏதோ கூறவந்து வாய்திறந்து நிறுத்தியவன் வாயில் சொல் வைக்கப்படுகின்றது. வராதே இருந்தவன் தப்பிவிடுகின்றான்.

இவை யாவற்றிலும் பெரிதாகக் கருதத்தக்கது காலத்தாற் நேர்வது. மருத்துவ ஆய்வொன்றிற்குத் தம் குறிப்புகளைப் பயன்படுத்த நோயாளர் இசைகின்றாரா என்பதற்கு ஒரு பண்பு வகுக்கப்பட்டு, அதன் இயல்புப் பெறுமானம் ‘இல்லை’ என வைக்கப்பட்டதாகக் கொள்வோம். ஆயிரக்கணக்கான ஆவணங்கள் அப்பண்பை எழுதாமலே சேமிக்கப்படுகின்றன. பத்தாண்டுகளின் பின் வேறொருவர் ஸ்கீமாவைத் திருத்தி அதனை ‘ஆம்’ என மாற்றுகின்றார். ஓர் ஆவணத்தையும் அவர் தொடவில்லை. ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. ஆயினும் அவ்வாயிரம் பேரும், அவர்களுள் இறந்துபோனோர் உட்பட, அன்றுமுதல் இசைந்தவர் ஆகின்றனர். எழுதப்பட்ட பொய்யைப் பழைய படியுடன் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இங்குப் பழைய படியும் புதிய படியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆவணத்திற்கு இடப்பட்ட இலக்கமுறைக் கையொப்பமும் பொதுவாக இதனைக் காட்டிக்கொடாது; கையொப்பம் காப்பது எழுதப்பட்டிருந்ததை; ஸ்கீமா பின்னர் இட்டதை அன்று. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். கையொப்ப நியமம், ஒருவர் கண்டதற்கே கையொப்பமிடவேண்டும் என எச்சரித்துள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதற்கு மாறாக ஒரு வலிய வாதம் உண்டு. மௌனத்திற்கு ஏதேனும் ஒரு பொருள் கொள்ளாமல் உலகியல் நடவாது. ஒன்றும் கொள்ளாதிருத்தலும் ஒன்றைக் கொள்ளுதலே என்பது அவ்வாதம். உடலுறுப்புத் தானம் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. 2003ஆம் ஆண்டில் எரிக் ஜோன்சன், டானியல் கோல்ட்ஸ்ரீன் ஆகியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், மறுப்பைப் பதியாதோர் இசைந்தோராகக் கொள்ளப்படும் ஒஸ்ரியாவில் இசைந்தோர் 99.98 சதவீதம் எனவும், இசைவைப் பதிவோரே இசைந்தோராகக் கொள்ளப்படும் ஜேர்மனியில் 12 சதவீதம் எனவும் காட்டினர். அயல்நாடுகளாய், ஒரே மொழி பேசுவோராய் இருப்போரின் உள்ளங்கள் இவ்வளவு வேறுபடுதல் இயலாது. வேறுபட்டது கூறாமைக்குக் கொள்ளப்பட்ட பொருளே. இங்கிலாந்து 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒஸ்ரியாவின் வழியைப் பின்பற்றியது. ஜேர்மனியப் பாராளுமன்றம் அதே ஆண்டு ஜனவரியில் அவ்வழியை நிராகரித்தது. உயிர்கள் காக்கப்படுமாயின் இயல்புநிலையை அதற்கேற்ப வைப்பதில் என்ன பிழை என்னும் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆனால் இவ்வாதத்தில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலக்கின்றன. இறந்தவர் ஒன்றும் கூறாதிருந்தால் அரசு இன்னவாறு செய்யும் எனச் சட்டம் விதிப்பது வேறு. இறந்தவர் இசைந்தார் என ஏட்டில் எழுதுவது வேறு. முன்னது ஒரு செயல்விதி. அதனை ஆக்கியோர் யார் என்பது தெரியும். அது பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படுகின்றது. பிழையெனின் அவர்களே பொறுப்பு. பின்னது ஒரு கூற்று. அது உண்மையாகவோ பொய்யாகவோ இருத்தல் வேண்டும். ஒஸ்ரியாவின் 99.98 சதவீதத்தினருள் எத்தனை பேர் அதனை எண்ணிப் பார்த்தனர் என்பதை அவ்வெண் கூறாது. மௌனத்திற்கு விதி செய்யும் உரிமை சமூகத்திற்கு உண்டென ஒப்புக்கொண்டாலும், மௌனத்தைச் சொல்லாக மாற்றி எழுதும் உரிமை அதனின்று பெறப்படாது. ஸ்கீமாவின் இயல்புப் பெறுமானம் செய்வது துல்லியமாக அப்பின்னதையே. நாணயம் குறிக்கப்படாத பட்டியலை ரூபாவாகக் கருதிக் கணக்கிடுக என்பது கணக்கிடும் செய்நிரலின் விதியாக இருக்கலாம். அப்பொழுது ஆவணத்தில் இடைவெளி இடைவெளியாகவே நிற்கும். ஐயம் எழுந்தவிடத்து எவரும் அதனைக் காணலாம். 2001ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க், முறாற்ற மக்கோட்டோ ஆகியோர் ஆக்கிய ரிலாக்ஸ் என்.ஜி. என்னும் ஸ்கீமா மொழி இந்நிலைப்பாட்டையே மேற்கொண்டது. ஆவணம் விதிக்கு அமைந்ததா என்பதைக் கூறுவதே அதன் தொழில். ஆவணத்துள் எதனையும் சேர்ப்பது அதன் தொழிலன்று. அதன் மூலவிதிகளில் இயல்புப் பெறுமானத்திற்கு இடமேயில்லை. பழைய முறையுடன் இணங்க விரும்புவோர்க்கென அது தனியொரு குறிப்பாகப் பின்னரே வைக்கப்பட்டது. இத்துறையில் வெளிவந்தவற்றுள் அறவியல் நோக்கில் மிகத் தூயது இதுவே எனலாம்.

சுருக்கம் கருதி இயல்புப் பெறுமானத்தை ஆதரிப்போர்க்கு நெடிய விடை வேண்டியதில்லை. எக்ஸ்.எம்.எல்.லின் ஆக்க நோக்கங்களைப் பட்டியலிடும்போதே சுருக்கம் மிகச் சிறிதளவே முக்கியம் உடையதென அந்நியமம் கூறிவிட்டது.

அங்ஙனமாயின் ஒவ்வொரு பண்பையும் கட்டாயமாக்கிவிடலாமே எனின், அங்கேயே உண்மையான இடர்ப்பாடு தொடங்குகின்றது. நிரப்பாவிடின் மேற்செல்ல விடாத படிவத்தின் முன் அமர்ந்திருப்பவர் எதையேனும் நிரப்புவார். நீண்ட வரிசையில் நோயாளர் காத்திருக்க, ஒவ்வாமை உண்டா என்னும் கட்டத்தில் ‘இல்லை’ எனத் தட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கும் எழுதுவினைஞரை எவரும் கடிந்துகொள்ளல் இயலாது. பல வேளைகளில் அவர் தட்டுவதுமில்லை. படிவம் வகுத்த செய்நிரலே ‘இல்லை’ என நிரப்பி வைத்திருக்கும். அப்பொழுது ஆவணத்தில் பெறுமானம் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் எவரும் எவரையும் கேட்கவில்லை. வெளிப்படையாக எழுதப்பட்ட இப்பொய், மறைந்து நின்ற இயல்புப் பெறுமானத்திலும் தீயது. ஏனெனில் இப்பொழுது இடைவெளி இருந்தமைக்குரிய தடயமே இல்லை. ஆகவே எழுத்தில் உள்ளதா இல்லையா என்பது அன்று, கேட்கப்பட்டதா என்பதே உரைகல். வெளிப்படையாகக் கூறுக என்பாரிற் பலர் இதனைக் கருதுவதில்லை.

இதனைக் கருதியோர் மருத்துவத் துறையில் உளர். எச்.எல். செவன் என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட மருத்துவ ஆவணக் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு எக்ஸ்.எம்.எல்.லில் அமைந்தது. மருந்தொன்று கொடுக்கப்பட்டது என்பதற்கும் கொடுக்கப்படவேண்டும் என்பதற்கும் அதில் மூலகம் ஒன்றே; அவற்றை வேறுபடுத்துவது ஒரு பண்பு. அப்பண்புக்கு இயல்புப் பெறுமானம் வைக்கப்படவில்லை, எழுதியே ஆகவேண்டும். அவ்விடத்தில் மௌனம் இருமுறை மருந்தூட்டவோ ஒருமுறையும் ஊட்டாது விடவோ காரணமாகலாம் என்பதை எண்ணுக. வணிகத் துறையிலும் இவ்வாறே. யூ.பி.எல். எனப்படும் பொது வணிகமொழி, 2015ஆம் ஆண்டில் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. அதில் தொகை எழுதும் ஒவ்வோரிடத்தும் நாணயத்தைக் குறித்தல் கட்டாயம். ஒரே பட்டியலில் நூறுமுறை அதே நாணயம் வரினும் நூறுமுறையும் எழுதவேண்டும். நகைப்புக்கிடமாகத் தோன்றலாம், ஆனால் பட்டியலிலிருந்து ஒருவரியை மட்டும் பெயர்த்தெடுத்து வேறோர் ஏட்டில் சேர்ப்போருக்கு அதன் அருமை தெரியும்.

எச்.எல். செவன் அமைப்பினர் இதனினும் ஒருபடி மேற்சென்றனர். பெறுமானம் இல்லாதவிடத்தும் அது ஏன் இல்லை என்பதைக் கூறுதற்கு அவர்கள் ஒரு சொற்றொகுதியை வகுத்தனர். தெரியாது, கேட்கப்பட்டது, ஆயினும் அறியப்படவில்லை, கேட்கப்படவேயில்லை, இப்பொழுது கிடைக்கவில்லை, இவருக்குப் பொருந்தாது, உண்டு, ஆயினும் மறைக்கப்பட்டுள்ளது என மௌனம் அங்கு வகைவகையாகப் பிரிகின்றது. கேட்கப்படவேயில்லை என எழுதுதற்கு ஓரிடம் இருப்பின், வரிசையை நகர்த்த விரைந்த எழுதுவினைஞர் பொய்கூற வேண்டியதில்லை. கட்டாயத்தையும் உண்மையையும் ஒருங்கே பேணும் வழி இது. இதுவும் குறையற்றதன்று. அத்தொகுதியில் எதனைத் தெரிவது என எண்ண நேரமில்லாதோர் முதலில் உள்ளதையே தெரிவர். கேட்காமலே, கேட்கப்பட்டது ஆயினும் அறியப்படவில்லை எனத் தட்டிவிடுதலும் கூடும். அதற்குமோர் இயல்புநிலை வேண்டுமே என்பதை வகுத்தோரும் உணர்ந்திருந்தனர். மௌனத்தின் வகையும் கூறப்படாதவிடத்து எதனைக் கொள்வது என்னும் இடத்தில் அவர்கள் வைத்தது ‘தகவல் இல்லை’ என்பதை. அதனின்று எதனையும் உய்த்துணரக் கூடாது என்பதே அதற்கு அவர்கள் எழுதிய வரைவிலக்கணம்.